கக்கத்தில் துண்டு, கையில் செருப்பு: சாதி நம் உடலுக்குக் கற்பித்த மொழி

கல்லூரி முடிக்கும் பிள்ளைகளுக்கு இன்று 'ஆளுமை வளர்ச்சி' என்று ஒரு வகுப்பு நடக்கிறது. கண்ணைப் பார்த்துப் பேசு, நிமிர்ந்து உட்கார், கையைக் கட்டாதே, கேட்டவுடன் எழுந்து நிற்காதே, குரலைத் தாழ்த்தாதே என்று பயிற்சியாளர் அடுக்குவார். பேசுகிற சொல் ஏழு சதவீதம்தான், மீதி 93 சதவீதமும் குரலும் உடலும்தான் என்று ஒரு கணக்கும் சொல்வார். வகுப்பின் கடைசி பெஞ்சில் சேரியிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளையின் தாத்தா இந்தச் செயல்களில் ஒவ்வொன்றுக்கும் அடிவாங்கியவர். கண்ணைப் பார்த்ததற்கு, நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு, கையைக் கட்டாமல் நின்றதற்கு அடி. இந்த வரலாற்றை அந்த வகுப்பில் யாரும் சொல்வதில்லை. நேர்முகத் தேர்வு முடிந்ததும் 'தன்னம்பிக்கை போதாது' என்று மதிப்பெண்ணைக் குறைப்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

முதலில் அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடுவோம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் ஆய்வாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து பிறந்தது அது. சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, ஒருவருக்கு நம்மைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதே அவர் கேட்ட கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தும் சூத்திரம் அல்ல அது. இதை அவரே பின்னாளில் தெளிவுபடுத்தியும் இருக்கிறார். ஆனால் சொல்லுக்கு வெளியே ஒரு மொழி இருக்கிறது, அது சொல்லை விட உரக்கப் பேசும் என்பதை நமக்கு எந்த ஆய்வாளரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதியே அந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 'நீ கீழ்' என்று வாய்திறந்து சொல்லத் தேவையில்லாதபடி, நிற்பதிலும் நடப்பதிலும் உடுத்துவதிலும் குடிப்பதிலும் அதை எழுதி வைத்தார்கள்.

எட்வர்டு ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1950களிலும் 60களிலும் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டு நிற்கும் இடைவெளியை ஆராய்ந்தார். நெருக்கமானவர்களுக்கு ஒன்றரை அடி, நண்பர்களுக்கு நான்கு அடி, அறிமுகமானவர்களுக்குப் பன்னிரண்டு அடி, அதற்கு மேல் பொது இடைவெளி என்று வகுத்தார். ஒவ்வொரு பண்பாட்டுக்கும் இந்த அளவு மாறும், அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாகப் பழகிக்கொள்கிறோம் என்பது அவர் கருத்து. நம் நாட்டில் இடைவெளி தானாகப் பழகிய ஒன்றல்ல. அதை அளந்தார்கள், விதித்தார்கள், மீறியவனை அடித்தார்கள். மலையாள நாட்டில் எந்தச் சாதி நம்பூதிரியிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று பட்டியலே இருந்தது. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. பெரியார் அதற்காகச் சிறை சென்றார். தெருவில் நடப்பது என்ற ஒரு செயலுக்குச் சிறை என்றால், அந்த நடை என்னவாகப் படிக்கப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

தமிழில் இந்த ஆராய்ச்சி புதிதல்ல. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே வைத்திருக்கிறது. உள்ளத்தில் இருப்பது உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. இதில் இளிவரல் என்பது இழிவுபட்ட நிலை. பெருமிதம் என்பது தன்னை மதித்து நிமிர்ந்த நிலை. இந்த எட்டும் மனிதர் எல்லார்க்கும் பொது என்றுதான் நாம் வகுப்பில் படிக்கிறோம். ஆனால் ஊர் இந்த எட்டையும் பங்கு போட்டது. ஊர்த்தெருவுக்குப் பெருமிதமும் வெகுளியும், சேரிக்கு அச்சமும் இளிவரலும். சேரிக்காரன் முகத்தில் பெருமிதம் தெரிந்தால் அதற்குத் 'திமிர்' என்று வேறு பெயர். அவன் கோபப்பட்டால் 'கொழுப்பு'. ஒரே மெய்ப்பாட்டுக்கு இரண்டு பெயர் இருந்தால், அங்கே சாதி வேலை செய்கிறது என்று பொருள்.

எழுதி வைத்த இலக்கணம்

இது எல்லாம் வழக்கம், மரபு, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ராமநாதபுரத்தைக் காட்டுவோம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தின் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன, சொத்துகள் சூறையாடப்பட்டன.

இந்த எட்டையும் மறுபடி படித்துப் பாருங்கள். 'பேசக் கூடாது' என்று ஒரு விதிகூட இல்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள். தொலைவில் ஒருவன் வரும்போதே, அவன் வாய் திறப்பதற்கு முன்பே, அவன் யார் என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிட வேண்டும். கிராப்பு வெட்டி, சட்டை போட்டு, குடை பிடித்து, செருப்பு மாட்டி ஒருவன் நடந்துவந்தால் அவனை எந்த இடத்தில் வைப்பது என்று ஊருக்குத் தெரியாமல் போய்விடும். அந்தக் குழப்பத்துக்குத்தான் பயந்தார்கள்.

1931 ஜூனில் இந்தத் தடைகள் பதினொன்றாக வந்தன. இப்போது அதில் வேறு விஷயங்கள் சேர்ந்திருந்தன. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க மட்டுமே போக வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிர் செய்யக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலி வேலை, ஆணுக்கு நான்கு அணா, பெண்ணுக்கு இரண்டு அணா. கல்யாணத்தில் மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழு உண்மையும் தெரியும். செருப்பும் சட்டையும் வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. குனிந்து நிற்கும் உடல் குறைந்த கூலி கேட்கும், நிமிர்ந்து நிற்கும் உடல் நிலம் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஆறே மாதத்தில் பனியனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து நான்கு அணாவுக்கும் பட்டியல் நீண்டது. பண்பாடு வேறு, பொருளாதாரம் வேறு என்று பிரித்துப் பேசும் தோழர்கள் இந்த இரண்டு பட்டியலையும் பாடமாக வைக்க வேண்டும்.

எழுதி வைக்காத விதிகள் இன்னும் அதிகம். தோளில் கிடக்கும் துண்டு ஊர்க்காரரைக் கண்டதும் கக்கத்துக்குப் போக வேண்டும் அல்லது இடுப்பில் கட்டப்பட வேண்டும். காலில் கிடக்கும் செருப்பு ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் கைக்கு ஏற வேண்டும். சைக்கிளில் வந்தவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பேசும்போது வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். கூலியைக் கையில் தரமாட்டார்கள், ஏந்திய முந்தானையிலோ துண்டிலோ மேலிருந்து போடுவார்கள். தண்ணீரைத் தூக்கி ஊற்றுவார்கள், கைகளைக் குவித்துக் குனிந்து குடிக்க வேண்டும். தேநீர்க் கடையில் முதலில் கொட்டாங்குச்சி, பிறகு தனிக் குவளை, இன்று பல இடங்களில் 'பேப்பர் கப்'. பாத்திரம் மாறியிருக்கிறது. நம் கடைகளில் எல்லாருக்கும் பேப்பர் கப்பா, நமக்கு மட்டுமா என்று பார்க்கத் தெரிந்தால் போதும், அது என்ன சொல்கிறது என்பது விளங்கிவிடும்.

இந்த இலக்கணம் படிப்படியானது என்பதையும் மறக்கக் கூடாது. சுயமரியாதை இயக்கக் காலத்தில் செட்டிநாட்டுத் திருமண ஊர்வலம் ஒன்றில் நாதசுர வித்துவான் ஒருவர் தோளில் துண்டு போட்டபடி வாசித்தார். துண்டை எடுக்கச் சொன்னார்கள். எடுக்காதே என்று உடன் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. பெரிய கலைஞனுக்கே அந்த நிலை என்றால் பண்ணையாளின் நிலை என்ன? படியின் அடியில் இருந்தவர்கள் புதிரை வண்ணார்கள். திருநெல்வேலிப் பகுதியில் அவர்கள் பகலில் வெளியே வரவே கூடாது, அவர்களைக் கண்ணால் பார்ப்பதே தீட்டு என்று 1932இல் நாளேடுகள் எழுதின. அவர்கள் துணி வெளுத்தது யாருக்கு? தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்ட மற்ற சாதிகளுக்கு. இதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

முகம் மாறிய நிலைய அதிகாரி

பாபாசாகேப் அம்பேத்கர் தன் சிறுவயது அனுபவம் ஒன்றை எழுதியிருக்கிறார். ஆண்டு 1901. கோரேகாவில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் ரயிலில் போகிறார். புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. நிலைய அதிகாரி அன்பாக வந்து விசாரிக்கிறார். உடையைப் பார்த்துப் பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். யார் நீங்கள் என்று கேட்டதும் சிறுவன் பீமராவ் யோசிக்காமல் 'மகர்' என்று சொல்லிவிடுகிறான். அந்த நொடியில் அவர் முகம் மாறியது, ஒரு வார்த்தையும் பேசாமல் தன் அறைக்குப் போய்விட்டார் என்று அம்பேத்கர் எழுதுகிறார்.

அந்த அதிகாரி திட்டவில்லை, அடிக்கவில்லை. முகம் மட்டும் மாறியது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அம்பேத்கருக்கு அது நினைவிருந்தது. இன்று நகரத்தில் வாடகை வீடு தேடும் நம்மில் பலருக்கு அந்த முகமாற்றம் தெரியும். 'எந்த ஊர்', 'எந்தத் தெரு', 'அப்பா பேரு என்ன' என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு வீட்டுக்காரர் முகத்தில் ஓடும் நிழல் தெரியும். அதற்கு முன் வீட்டைச் சுற்றிக்காட்டியவர், அதற்குப் பின் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது?

உடலைத் திருப்பி எழுதியவர்கள்

ஆனால் நம் வரலாறு அடங்கிப்போன வரலாறு மட்டும் அல்ல. இந்த மொழி உடலில் எழுதப்பட்டது என்பதால், போராட்டமும் உடலிலேயே நடந்தது.

தென் திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நடந்தது. அன்று தீண்டப்படாதோராக நடத்தப்பட்ட நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகச் சந்தைகளிலும் தெருக்களிலும் அடிபட்டார்கள், துணிகள் கிழிக்கப்பட்டன. 1859 ஜூலையில்தான் மன்னர் அறிவிப்பு வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது. உடலை மறைக்கும் உரிமையைக் கொடுத்தபோதும் உடல் சொல்ல வேண்டிய செய்தியை விட்டுக்கொடுக்கவில்லை.

அதே திருவிதாங்கூரில் 1893இல் அய்யன்காளி வில்வண்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, புலையர்களுக்குத் தடைசெய்யப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டினார். அவர் மேடையில் பேசவில்லை, மனு எழுதவில்லை. வண்டியின் மணியோசைதான் பேச்சு. 1915இல் கொல்லம் பகுதியில் பெரிநாட்டில் புலையர் பெண்கள் அடிமையின் அடையாளமாகக் கழுத்தில் போட்டிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அய்யன்காளி முன்னிலையில் அந்த மாலைகள் குவியலாகக் குவிந்தன.

1927 மார்ச் 20ஆம் நாள் மகாத்தில் சவுதார் குளத்துக்கு ஊர்வலமாகப் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். தண்ணீர் குடிப்பது என்ற சின்னஞ்சிறு செயல் ஒரு பிரகடனம் ஆனது. அதே ஆண்டு டிசம்பரில் மகாத்துக்கு வந்த பெண்களிடம் அவர் பேசியது இன்னும் கவனிக்கத்தக்கது. தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும்படி சேலையை முழங்காலுக்கு மேல் கட்டாதீர்கள், கணுக்கால் வரை கட்டுங்கள், கைநிறையக் கனத்த நகைகளை மாட்டாதீர்கள் என்றார். மறுநாளே பெண்கள் சேலைக்கட்டை மாற்றிக்கொண்டார்கள். அவர் கோட்டும் சூட்டும் அணிந்தது வெள்ளைக்காரன் மோகம் என்று கேலி பேசுகிறவர்கள் இந்த மகாத் உரையையும், சட்டைக்கே தடைபோட்ட ராமநாதபுரத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். கையில் புத்தகம், உயர்த்திய சுட்டுவிரல், நீலக் கோட்டு என்று நிற்கும் அந்தச் சிலையை ஏன் இரும்புக் கூண்டுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது? கல்லால் ஆன உடல் நிமிர்ந்து நிற்பதையே சிலரால் தாங்க முடியவில்லை.

நம் தாத்தா ரெட்டமலை சீனிவாசன் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். தீண்டத்தகாதவர் என்பதைத் தெரிவிக்கும் அடையாளத்தை உடையில் அணிந்துகொண்டு அவர் சென்றதும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கை நீட்டியபோது தன் கையைக் கொடுக்காமல் காரணம் சொன்னதும், மன்னர் விடாமல் கைகுலுக்கியதும் நம் மேடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. நீட்டாத ஒரு கை ஒரு பேரரசின் முன்னால் தீண்டாமையை விளக்கிவிட்டது. அதே சீனிவாசன்தான் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலை, கிணறு, குளம் அனைத்தும் ஒடுக்கப்பட்டோருக்கும் உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியவர். கையும் சட்டமும் அவரிடம் இரண்டு கருவிகள்.

தஞ்சையில் சாட்டையடியும் சாணிப்பாலும் பண்ணையடிமைத்தனத்தின் அன்றாடமாக இருந்தன. 1940களில் பி.சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தோழர்கள் அங்கே சங்கம் கட்டியபோது கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டது உடலின் மரியாதையை. அதற்கான பழிவாங்கலும் நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று: பெரும் நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், அவர்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பத் தகுந்ததாக இல்லை. சாதி உடலைப் படிக்கும் முறை நீதிமன்றத்திலும் வேலை செய்தது. கனவான் நடக்கமாட்டார், கனவான் தீ வைக்கமாட்டார்.

நாற்காலி

விடுதலைக்குப் பின் இந்தச் சண்டை நாற்காலிக்கு வந்தது. 1957இல் முதுகுளத்தூர்க் கலவரத்தை ஒட்டி செப்டம்பர் 10ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டினார். ராணுவத்தில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பி, தேவேந்திரர்களைத் திரட்டிய இம்மானுவேல் சேகரன் அதில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாகச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 33 நிறையவில்லை. எதிரே இருந்தவருக்குச் சமமாக உட்கார்ந்தார், பணியவில்லை என்பதே அந்த மண்ணில் இன்றுவரை அவரைப் பற்றிச் சொல்லப்படும் முதல் செய்தி.

1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் நாற்காலி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் உட்காரத் துணிந்த முருகேசன் 1997 ஜூன் 30ஆம் நாள் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்தாண்டுகள் யாரையும் அந்த நாற்காலியில் உட்காரவே விடவில்லை. 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண், உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்கார்ந்திருந்த புகைப்படத்தை நாடே பார்த்தது. ஒரு புகைப்படம் போதுமானதாக இருந்தது, விளக்கம் தேவைப்படவில்லை.

2018 மே மாதம் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். கோயில் முன்னால் இளைஞர்கள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2022இல் சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கால் மேல் கால் போடுவது பெரிய நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் தன்னம்பிக்கை. கச்சநத்தத்தில் அதற்கு உயிர் விலை.

இன்று அடையாளம் மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு வண்ணத்தில் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் அந்தக் குழு பரிந்துரைத்தது. 1930இல் நம் உடலிலிருந்து அடையாளங்களைப் பறித்தார்கள். இன்று அவர்கள் தங்கள் உடலில் அடையாளத்தைக் கட்டுகிறார்கள். பள்ளிச் சீருடை எல்லாரையும் ஒன்றாகக் காட்டுகிறது என்ற எரிச்சல்தான் கயிறாக முளைக்கிறது.

சட்டத்துக்கு இந்த மொழி தெரியும்

நம் தோழர்கள் பலர் கவனிக்காமல் விடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாய்ச்சொல் இல்லாமல் நடக்கும் அவமதிப்பு சட்டத்துக்கு வெளியே இல்லை. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பேச்சால், எழுத்தால் மட்டுமல்ல, சைகையால், கண்ணால் காணும் குறியீடுகளால் தீண்டாமையைத் தூண்டுவதையும் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் பாருங்கள். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதை, அதில் குதிரை ஏறுவதைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். கட்டாயமாக மொட்டையடிப்பது, மீசையை மழிப்பது, செருப்பு மாலை போடுவது எல்லாம் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. செருப்பு, புத்தாடை, குதிரை. 1930, 1931 பட்டியல்கள் நினைவுக்கு வரவில்லையா? எண்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு நாடாளுமன்றம் அந்தப் பட்டியலைத் தலைகீழாக எழுத வேண்டியிருந்தது. தேவை தீர்ந்திருந்தால் எழுதியிருக்கமாட்டார்கள்.

ஆகவே களத்தில் உண்மை அறியப் போகும் மாணவத் தோழர்கள் 'என்ன சொல்லித் திட்டினான்' என்பதோடு நின்றுவிடாதீர்கள். யார் எங்கே நின்றார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள், யாரை எழுந்திருக்கச் சொன்னார்கள், செருப்பு எங்கே கிடந்தது, எந்தக் குவளையில் கொடுத்தார்கள், பணத்தைக் கையில் கொடுத்தார்களா மேசையில் போட்டார்களா, பார்த்தவர்கள் யார் என்று கேட்டு எழுதுங்கள். புகாரில் அதை வாக்கியமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். காவல்நிலையத்தில் புகார் கொடுக்க வந்தவரை நிற்கவைத்தார்களா, உட்காரச் சொன்னார்களா என்பதும் பதிவுக்கு உரியதுதான்.

நம் வீட்டுக்குள்ளும் இந்தக் கண்ணைத் திருப்ப வேண்டும். நம் கூட்ட அரங்குகளில் பெண் தோழர்கள் எங்கே உட்காருகிறார்கள்? தலைவர் வந்ததும் யார் நாற்காலியை விட்டு எழுகிறார்கள்? அருந்ததியர், புதிரை வண்ணார் தோழர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது நம் கை எப்படி நீள்கிறது? சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்த தலைமுறைதான், அதே பறையை மேடையில் விடுதலைக் கருவியாகவும் அடித்தது. ஒரு செயலின் பொருளை மாற்ற முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் பொருளை மாற்றும் வேலை நமக்குக் கீழே தள்ளப்பட்டவர் முன்னால் நாம் எப்படி நிற்கிறோம் என்பதிலும் நடக்க வேண்டும்.

கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்று சொல்வோம். தம்பி, தங்கச்சி, உன் குரல் தாழ்ந்திருந்தால், கண் தரையைப் பார்த்தால், அது உன் குணக்குறை அல்ல. உன் பாட்டன் உயிரோடு வீடு திரும்பக் கற்றுக்கொண்ட பாடம் அது. அந்தப் பாடம் எதற்காகத் திணிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்வது அதை விட்டு வெளியேறுவதற்கு முதல் படி. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒன்று: பணிவாக நின்றால் 'தன்னம்பிக்கை இல்லை', நிமிர்ந்து நின்றால் 'திமிர்' என்று இரண்டு அளவுகோலை வைத்துக்கொண்டு உடல்மொழிக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

பெருமிதம் எவற்றிலிருந்து பிறக்கும் என்று சொல்லும் இடத்தில் தொல்காப்பியம் முதலில் வைப்பது கல்வியை. 1931இல் தடை போட்டவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் செருப்பையும் சட்டையையும் தடுத்த கையோடு பள்ளிக்கூடத்தையும் தடுத்தார்கள். படிப்போம். படித்துவிட்டு, ஊர்த்தெரு வழியாகச் செருப்போடு வீட்டுக்கு வருவோம்.